பெட்டிக்குள் போகாத கார்டு

திண்டிவனம்

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு,

நீ கேட்ட கிராபிக்ஸ் கார்டை வாங்கினேன், அது உன் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போகவில்லை. மற்றபடி நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், போலந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்துவிட்டு மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் வறுத்த மல்லாட்டைப் பார்சலோடு இதை எழுதி வைக்கிறேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் நல்ல கார்டு இருந்தால் பொங்கலுக்கு வந்து ஒரு மாதம் இங்கிருந்தே வேலை பார்ப்பேன், இல்லாவிட்டால் ஆபீசில் விட மாட்டார்கள் என்றாய் அல்லவா, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் விழுப்புரம் போனேன். அங்கே அலெக்ஸ் என்பவர் கடை. நீ அனுப்பிய கார்டு நம்பரைக் காட்டினேன், அதே நம்பர் போட்ட நாலு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார், நாலு கம்பெனி பெயர், நாலு விலை. ஒரே நம்பருக்கு ஏன் இப்படி என்றேன். உள்ள இருக்கிற சிப்பு ஒண்ணுதாங்கா, அதை வாங்கி ஒவ்வொருத்தனும் தன் போர்டுல வெச்சு ஃபேன் மாட்டித் தன் பேர்ல வித்துக்கினு இருக்கான் என்றார். அது எனக்கு உடனே புரிந்தது, கண்டமங்கலத்து மல்லாட்டை நம் மண்டியிலிருந்து போய் நாலு பெயரில் வேர்க்கடலைப் பாக்கெட்டாகிற மாதிரிதான். இரண்டு பெட்டியில் ஓசி என்று போட்டிருந்தது, ஓசி என்றால் விலை ஏன் கூட என்று கேட்டேன், கடையே சிரித்தது. கம்பெனியே சிப்பைக் கொஞ்சம் வேகமாக ஓடும்படி செட் பண்ணி, வாரண்டியும் கொடுத்து விற்பதாம். நம் மல்லாட்டை உடைக்கிற மிஷினைச் செய்தவனே புல்லிச் சக்கரத்தை மாற்றிக் கூடுதலாகச் சுற்ற விட்டுக் கொடுப்பது போல. மூட்டை கொஞ்சம் அதிகமாக ஓடும், சூடும் ஏறும், கரண்டும் இழுக்கும். நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் வேகம் கூடும், கண்ணுக்கே தெரியாதுக்கா என்று அவரே சொன்னார்.

அப்படிச் சொல்லியும் கெட்டது நான்தான். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்தேன். கனமில்லாத மல்லாட்டையைப் பொக்கு என்று தள்ளியே பழகிய கை, கனமானதைத்தான் எடுத்தது. மூன்று ஃபேன் வைத்த ஓசி. அந்தக் கனமெல்லாம் சூடு தணிக்கிற தகட்டின் கனம் என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் பிரித்து வைத்துப் பார்த்தால் நாலு விரல் வெளியே நிற்கிறது. உன் அப்பா, பொட்டியை அறுத்துட்லாமா என்று ரம்பம் தேடப் போய்விட்டார். அது எம் பொண்ணு பொட்டி, கை வெச்சீங்கன்னா பாருங்க என்று தடுத்தேன்.

கார்டு பொருந்தாவிட்டால் வேறு வாங்கலாம், இந்தப் பொங்கலும் போய்விட்டால் என்ன செய்வது? போன வருஷம் டிக்கெட் விலை என்றாய், அதற்கு முந்தி லீவு இல்லை என்றாய். சாயங்காலம் மண்டியில் எடை போடும்போது, சென்னை பஸ்ஸில் இறங்கி முதுகில் பையோடு போகிற பெண்பிள்ளைகளைப் பார்க்கிறேன். யாராவது உன்னைப் போல நடந்தால் எனக்கு எடை தவறிவிடுகிறது, மூட்டையைத் திரும்பத் தராசில் ஏற்றச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கண்ணு தெரியலன்னு ஆட்கள் பேசிக்கினு இருக்காங்களாம், பேசட்டும்.

மறுநாள் உன் பெட்டியின் உள்ளளவை நூலில் அளந்து எடுத்துக்கொண்டு, கார்டோடு விழுப்புரம் போனேன். சீலை உடைச்சுட்டு வந்தா நான் யாருக்குக்கா விக்கிறது என்றார் அலெக்ஸ். நியாயம்தான், பிரித்த மூட்டையை நானும் திரும்ப வாங்க மாட்டேன். ஆனாலும் மத்தியானம் வரை நான் நகரவில்லை. கடைசியில், பொண்ணு நிச்சயமா வருதாக்கா என்று கேட்டார். வருது என்று சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், தொட்ட வேலையெல்லாம் கைகூட வேண்டும். டிக்கெட் போட்டதும் முதலில் எனக்குச் சொல், அப்பாவுக்கு அப்புறம் சொல்லலாம்.

அலெக்ஸிடம் பேசி முடித்தது இதுதான். பிரித்த கார்டை எடுத்துக்கொண்டு, அதே சிப் உள்ள, நூலளவுக்குள் அடங்குகிற இரண்டு ஃபேன் சாதாரணக் கார்டைக் கொடுத்திருக்கிறார், விலை வித்தியாசம் அவருக்கே. சீல் உடைக்காமல் வைத்திருக்கிறேன். நீ வந்ததும் அவரே வீட்டுக்கு வந்து உன் கண் முன்னால் பிரித்து மாட்டித் தருவார், கூலி கிடையாது. தை முடிவதற்குள் நீ வராவிட்டால் கார்டைப் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார். சரி என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

உன் அம்மா,
சின்னபொண்ணு