பசை போட்டு இறுக்கிய பிடி

அப்பா,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும். வருகிற சனிக்கிழமை தங்கச்சி வாசுகிக்குக் கலியாணம், கிளென் வேவர்லியில் மண்டபம். மாப்பிள்ளை டிமாஸ்தான், நீங்கள் தேநீர் போட்டுக் கொடுத்து மணிக்கணக்காகக் கதைத்த அதே ஜாவாக்காரன். அம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டா. நான் எழுத வந்தது அந்தக் கிரிஸ் கத்தியைப் பற்றி.

கிரான்பர்னில் ஒரு ஒல்லாந்துக் கிழவரின் கராஜ் விற்பனையில் வாங்கி, துவாயில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். பாம்பு போல வளைந்த அலகு. நான் இணையத்தில் பத்து நிமிடம் தேடிவிட்டுத் தீர்ப்புச் சொன்னேன். அலகு சுலாவெசித் தீவின் பூகிஸ் மக்களுடையது. பிடி ஜாவா. உறை சுமத்ரா.

"உங்களை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டாங்கள், அப்பா. மூண்டு ஊர் ஸ்பெயார் பார்ட்ஸைப் பொருத்தித் தந்திருக்கிறாங்கள்."

"அப்பிடியோ? பாக்க வடிவாத்தானே கிடக்கு," என்றீர்கள்.

பிடி வேறு ஆடியது. எனக்கு ஆடுகிற சாமானைக் கண்டால் பொறுக்காது. அடுத்த நாள் டண்டினொங்கில் என் வேலைத்தளத்துக்குக் கொண்டுபோய்ப் பிடியைக் கழற்றினேன். பிடிக்குள் போகும் அலகின் வாலில் பழைய துணி சுற்றியிருந்தது. எந்த மடையன் பார்த்த வேலை என்று துணியைச் சுரண்டி எறிந்துவிட்டு, எபொக்சிப் பசை நிரப்பி இறுக்கினேன். நீங்கள் பிடியை ஒருமுறை திருகிப் பார்த்தீர்கள். பிறகு அலுமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். திருப்தி என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிறு டிமாஸ் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். உள்ளே அவனுடைய தாத்தாவின் கிரிஸ் பிடி. அவனுக்குத் தெரிந்த தமிழ் "மச்சான்" மட்டும்தான். ஆங்கிலத்தில் சொன்ன மிச்சத்தை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"மச்சான், அங்கிள் எனக்கு வாங்கின கிரிஸ் எங்கை?"

"உனக்கோ?"

அவர்கள் வழக்கத்தில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு ஒரு கிரிஸ் கொடுப்பாராம். அலகு கைமாறி ஊர் ஊராகப் போகும். கிடைத்தவன் தன் ஊர்ப் பிடியை மாட்டி, தன் ஊர் உறையில் போடுவான். கழற்றி மாற்றத்தான் அந்தத் துணி. கலியாணத்துக்குத் தாத்தாவின் பிடியை மாட்டுவதாக உங்களுக்குச் சொல்லியும் இருந்தானாம்.

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமோ?"

"வாங்க முதலே போன் எடுத்துக் கேட்டவர். கலப்புக் கிரிஸ் குடுத்தால் உங்கட ஆக்களுக்கு வெக்கமோ எண்டு. எங்கட வீட்டிலை இருக்கிறதும் கலப்புத்தான் எண்டன்."

பசை விசயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான். "எஞ்சினியர்மாரைக் கத்திக்குக் கிட்ட விடக்கூடாது."

பக்கத்தில் நின்ற வாசுகி சிரிக்கவில்லை. "அப்பா அவருக்கெண்டு விட்டுட்டுப் போனது இது ஒண்டுதான், அண்ணா. என்ன செய்வியோ தெரியாது, கழட்டித் தா."

சூடு பட்டால் எபொக்சி இளகும். சூடு கூடினால் அலகின் பதம் போகும். அலகை ஈரத்துணியால் சுற்றி, சூட்டுக் காற்று ஊதும் ஹீட் கன்னைப் பிடியும் அலகும் சேரும் இடத்தில் மட்டும் காட்டிக் காட்டி இரண்டு மணித்தியாலம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒன்றுக்கும் பொறுமையாக இருந்ததில்லை. கடைசியில் பிடி திரும்பியது. திரும்பும்போதே நீளவாக்கில் பிளந்தது. அலகுக்கு ஒன்றுமில்லை. டிமாஸ் ஒரு பருத்தித் துணியைக் கிழித்துச் சுற்றித் தாத்தாவின் பிடியை மாட்டினான். பொருந்தியது.

ஒரு கேள்வி, அப்பா. அவனுக்குப் போன் எடுத்துக் கேட்டீர்கள். ஒரே வீட்டில் இருந்த எனக்கு ஏன் சொல்லவில்லை? பசை போட்டது பிழை என்றாவது சொல்லியிருக்கலாமே? இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். பிறகு யோசித்தேன். பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்கிறவனிடம் யார் மனம்விட்டுக் கதைப்பார்கள்?

உங்கள் இடத்தில் நின்று நான்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டா. கொடுப்பேன். கத்தியோடு பிளந்த பிடியையும் ஒரே தட்டத்தில் வைப்பேன். இரண்டு வீட்டு ஆட்களும் என்னவென்று கேட்பார்கள். கத்தியைத் தெரிந்தே வாங்கியவர் அப்பா, தெரியாமல் உடைத்தவன் நான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் பேச மாட்டேன்.

உங்கள் மூத்தவன்,
குமணன்