ஐஸ் மெஷின் மேல் காய்ந்த வேட்டி

மாமா,

கடையில் ஐஸ் மெஷின் ஓடுகிறது. மெக்கானிக் தேவையில்லை. சூடான காற்று வெளியே வரும் பக்கத்தை மறைத்து உங்கள் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. காற்று போக வழியில்லாமல் மெஷின் சூடாகி நின்றிருக்கிறது. வேட்டி நன்றாகக் காய்ந்துவிட்டது. மடித்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன்.

ஃபில்டரைக் கழுவிவிட்டேன். முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள், அடுத்ததைச் சர்பத்துக்குப் போடலாம். சாவி ஆணியில் இருக்கிறது. மீன் குழம்பு அடுப்பில். சிதம்பரத்தில் ஒரு கல்யாண ஆர்டர் பேசிவிட்டு மதியம் வந்துவிடுவேன்.

மெஷின் நின்றுபோனதற்கு நேற்று நான் கத்தியதும், "பொண்ணே போய்ச் சேந்துட்டா, எனக்கு இங்க என்ன வேல? காலையில அண்ணாகிராமம் பஸ் ஏறுறேன்" என்றீர்கள்.

பவானி இருந்தபோது மழைக்காலத்தில் அவளும் அங்கேதான் துணி காயப்போடுவாள். அவளையும் திட்டியிருக்கிறேன். "ஐஸும் ஆச்சு, இஸ்திரியும் ஆச்சு, இன்னும் என்னங்க வேணும்?" என்பாள். இன்று வேட்டியை எடுத்தபோது சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாயிற்று.

கடையைத் திறந்து வையுங்கள்.

செல்வன்

பி.கு.: பின்பக்கம் தகர ஷீட்டுக்கு அடியில் துணிக்கொடி கட்டியிருக்கிறேன். உங்கள் உயரத்துக்குக் கட்டியது. எனக்குக் கழுத்தில் இடிக்கிறது, பரவாயில்லை, குனிந்து போய்க்கொள்கிறேன்.