இரண்டாம் கவுண்டரும் மூன்று நாள் பயிற்சியும்

ஜூலை 7, திங்கள்
ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்று. பஸ் ஏறுவதற்குள் குடை மடங்கிவிட்டது. நாகர்கோவிலில் பயிற்சி, மூன்று நாள். எல்லாம் ஒரு புகாரின் கைங்கரியம்: "இரண்டாம் கவுண்டர் அம்மா எரிந்து விழுகிறார்." பதினெட்டு வருஷம் வங்கியில் உழைத்ததற்குக் கிடைத்த பட்டம். இன்னொரு புகார் வந்தால் கவுண்டர் கிடையாது, பின்னறையில் ஃபைல் அடுக்க வேண்டியதுதான். மானேஜர் சொல்லி அனுப்பியது. ஆள் முகம் பார்க்காமல் எனக்கு ஒரு நாள் போகாது. எரிந்து விழவாவது ஆள் வேண்டாமா?

ஜூலை 9, புதன்
பயிற்சி முடிந்தது. படித்தவை:
1. சிரிப்பு.
2. "வணக்கம் ஐயா, நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"
3. வந்தவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. (கஷ்டம்.)
மத்தியானச் சாப்பாட்டில் தீயல் குழம்பு நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் சிரித்துப் பழகினேன். "ஏட்டி, மேலுக்கு சொகமில்லியா?" என்கிறார்.

ஜூலை 10, வியாழன்
முதல் ஆளே செல்லையா மாமா. சொந்தமில்லை, வருஷக்கணக்காக மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம். இன்று சிரித்துக்கொண்டே "வணக்கம் ஐயா" என்றேன். மனுஷனுக்கு முகம் வாடிவிட்டது. பாஸ்புக்கோடு நேரே மானேஜர் அறை.
"பிள்ளைக்கு எம்மேல என்ன கோவம் சாரே? மாமான்னு விளிக்கிற வாய் ஐயாங்குது. நான் என்ன தெத்து செஞ்சேன்?"
மானேஜர் தஞ்சாவூர்க்காரர். ஒன்றும் புரியவில்லை. "இது ரெண்டாவது புகார்தானே மேடம்?" என்றார். படித்துவிட்டு வந்ததால் கவுண்டர் போகப்போகிறது. பயமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி
தூறல். வாரந்தோறும் பேலன்ஸ் கேட்டு வரும் சுதா. வழக்கமாக "மெஷின்ல பாரு" என்று விரட்டுவேன். இன்று வாயை அடக்கிக்கொண்டேன். என் மௌனம் அவளுக்குப் பழக்கமில்லை, கொஞ்சம் விழித்தாள். பிறகு சொன்னாள்.
"பைசாவுக்காக இல்லக்கா. கத்தார்ல இருந்து அவரு விளிச்சு மாசம் ஒண்ணாச்சு. பைசா விழுந்தா ஆளு சொகமா இருக்காருன்னு அர்த்தம். பழைய நம்பரு போச்சு, மெசேஜ் வரமாட்டேங்குது."
இன்னும் எதுவும் விழவில்லை. புது நம்பரைப் பதிவு செய்ய ஒரு படிவம், பத்து நிமிஷம். எத்தனை வாரம் விரட்டியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்
இரண்டு நாள் லீவிலும் சுதா நினைப்புதான். இன்று வங்கி திறந்ததும் வந்து நின்றாள். வேலை ஒன்றுமில்லை, போனைக் காட்ட வந்திருக்கிறாள்.
"மெசேஜ் வந்துட்டுக்கா! பின்னாலயே அவரும் விளிச்சாரு. ஆஸ்பத்திரியில கெடந்தாராம், நம்மகிட்ட சொல்லல்ல பாத்தேளா..."
பின்னால் ஒன்பது பேர். ஒருவர் வேண்டுமென்றே இருமுகிறார். நான் குறுக்கே பேசவில்லை. மானேஜர் வெளியே வந்தார். தொலைந்தது என்று நினைத்தேன். வரிசையைப் பார்த்தார். அழுதுகொண்டே சிரிக்கும் சுதாவைப் பார்த்தார். மூன்றாம் கவுண்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
"மேடத்துக்கு அந்தக் கவுண்டர்லயே வேலை இருக்கு. அடுத்தவங்க இங்க வாங்க."