பின் நம்பர்

அக்காவுக்கு,

போனில் பணம் அனுப்ப யாருக்கெல்லாம் தெரியும் என்று கணக்கெடுக்க ஒரு மேடம் வந்தார். அவர் விரலைத்தான் முதலில் கவனித்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அது அவர் போன் திரையில் ‘தெரியாது’ மேல் போய் நின்றது.

“இவ எட்டாவதோட நின்னவ. என்னைக் கேளுங்க,” என்றான் அண்ணன்.

“பின் நம்பரை யார்கிட்டயாவது சொல்லலாமா?”

“சொல்லவே கூடாது மேடம்!”

என் தையல் சம்பளம் விழும் கணக்கின் பின் நம்பரை வைத்திருப்பதே அவன்தான். அவன் அழுத்துவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது மனப்பாடம். “என் பின் நம்பர் அண்ணன்கிட்ட இருக்கு மேடம்,” என்றேன்.

“வாயைப் பாரு இவளுக்கு!”

“உனக்கு மாத்தத் தெரியுமாம்மா?” என்றார் மேடம்.

அவன் சட்டைப்பையிலிருந்த என் போனை எடுத்தேன். அவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு புது நம்பர் போட்டேன்.

உன் தங்கை