எட்டாம் நம்பர் பெட்டி

போடிநாயக்கனூர்
21.10.1986

அன்பு மகள் ஜெயசீலிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் எனக்கு இங்கே ஒரு வாய் சோறு இறங்குகிறது. உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. பம்பாயில் மழை விட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய், இங்கே இப்போதுதான் பிடித்திருக்கிறது. போடிமெட்டு ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து அப்பாவின் ஜீப்பு மூன்று நாள் மேலே போகவில்லை, மூன்று நாளும் அவர் வீட்டில் உட்கார்ந்து நான் கூட்டுகிற இடத்தையெல்லாம் மேற்பார்வை பார்த்தார். ஏலக்காய் வரத்து நன்றாக இருக்கிறது, மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் காய் பொறுக்குகிற சோலி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இழுக்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது, ஆனால் இந்த இரண்டு நாளாக எனக்கு எந்த வலியும் தெரியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

பாட்டுக்குழு வெள்ளைத்துரையை விட்டுவிடுங்கள் அம்மா, நான் இங்கே கிதாருக்குப் புதிதாக ஒரு பலகை செய்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். உனக்கு அப்பாவின் மனசு. எனக்கு அப்படி இல்லை, சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷமாகக் கோயிலில் ஜெபம் சொல்லும்போது மன்னிப்பைப் பற்றிய வரி வருகிற இடத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்கிறேன், ஆண்டவர் சந்நிதியில் பொய் சொல்லக்கூடாது இல்லையா. நீ மதுரைக்கு மூன்று தரம் பஸ்ஸில் போய் ரேடியோ சாமான் கடையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்ததும், ஈயம் பற்றவைத்து விரலைச் சுட்டுக்கொண்டதும், கிதாரின் சத்தத்தை மாற்றுகிற நாலு மிதிப்பெட்டியை நீயாகச் செய்து முடித்ததும் எனக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. காலால் மிதித்தால் ஒன்று கைக்குழந்தை மாதிரி வாவா என்று அழும், ஒன்று கரகரக்கும், ஒன்று அலையடிக்கும், ஒன்று மலையில் நின்று கூப்பிட்டால் திரும்பி வருகிற குரல் மாதிரி எதிரொலிக்கும். நாலையும் ஒரே பலகையாகப் பொருத்துவதற்குக் கிட்டங்கியில் உடைந்து கிடந்த சல்லடைத் தட்டின் சட்டத்தைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தது நான். எதற்கு அடுத்து எது என்று ஒரு மாதம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாய், எதிரொலியைக் கரகரப்புக்கு முன்னால் வைத்தால் எல்லாம் கூழாகிவிடுகிறது, அது கடைசியில்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்த அன்றைக்கு என்னைப் பிடித்துக் கிறுகிறுவென்று சுற்றினாய், அடுப்பில் சோறு தீய்ந்துபோனது. வரிசை மறக்காமல் இருக்க நம்பர் ஒட்ட வேண்டும் என்றாய், கிட்டங்கி நம்பர்ச் சீட்டை நான்தான் கொடுத்தேன். நாங்கள் காய் சலிக்கிறபடி எட்டு மில்லி சல்லடையில் நிற்கிற பெரிய காய் முதல் தரம், அதற்குப் பிறகு ஏழு, ஆறு, ஐந்து. அதேபடி கிதார் ஒயர் முதலில் போய்ச் சேருகிற பெட்டிக்கு எட்டு, கடைசியில் இருக்கிற எதிரொலிக்கு ஐந்து என்று ஒட்டினோம். அதில் ஒரு சூட்சுமமும் இருப்பதாக அன்றைக்கு நாம் இரண்டு பேருமே நினைக்கவில்லை.

அந்தப் பலகையைத்தான் அவன் எடுத்துக்கொண்டான். நீ அவன் குழுவில் வாசிக்கப் போன தேவாரம் ஊர்க் கல்யாணத்தில் உன்னைக் கூப்பிட்டு, பொம்பளப்புள்ள நின்னுக்கிட்டுக் கிதார் வாசிச்சா கூட்டம் பாட்டக் கேக்காது ஒன்னையத்தான் பாக்கும், இனிமே நீ கோரஸ் பாடுனாப் போதும் என்று சொன்னானாம். நீ கிதாரை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாய். பலகையைக் கேட்க அப்பா போனபோது, எங்க ஜீப்புல வந்த சாமான் எங்க குழுச் சாமான்ணே என்றிருக்கிறான், உன் அப்பாவும் ஒரு பலகைக்காக ஊர்ப்பகை எதற்கு என்று திரும்பி வந்துவிட்டார். ஆண்பிள்ளை போய்விட்டு வந்த இடத்துக்கு நீ எதற்கு என்று என்னையும் தடுத்துவிட்டார். அன்றைக்கு வைத்த குழம்பில் நான் உப்புப் போடவில்லை, அவரும் கேட்கவில்லை. நீ சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்த உன் பேர் மேல் பச்சை பெயிண்ட் அடித்து வெள்ளைத்துரை இன்னிசைக் குழு என்று எழுதிக்கொண்டான். அதோடாவது விட்டானா, மேடைக்கு மேடை இந்தப் பலகை நானே யோசிச்சு நானே செஞ்சது என்று மைக்கில் சொல்லியிருக்கிறான். நீ பம்பாய் ரயில் ஏறிய அன்றைக்கு நான் ஸ்டேஷனில் அழவில்லை, ஞாபகம் இருக்கிறதா, கல்நெஞ்சம் என்று உன் அத்தை கூடச் சொன்னாள். நான் அப்போது அவனை எப்படிக் கவிழ்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை. காலையில் ஆராதனை, மத்தியானம் கறிச்சோறு, மூன்று மணிக்கு இவன் குழுவின் பாட்டு. சமையல்கட்டில் எனக்கு வேலை போட்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நான் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். உன் பலகை அங்கே கிடந்தது. நீ மாட்டின ஒயர் நீ மாட்டினபடியே இருந்தது. ஒன்றரை வருஷமாக ஒரு ஒயரைக்கூடக் கழற்றாமல், மாசமாக இருக்கிறவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிற மாதிரி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறான். அதைப் பார்த்ததும் இவனுக்கு வரிசை தெரியாது என்று எனக்குத் தெரிந்துபோனது. எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை, பெட்டிக்குப் பெட்டி போகிற மூன்று ஒயரையும் உருவினேன், பலகையை நன்றாகத் தூசி போகத் துடைத்தேன், ஒயரைச் சுருட்டி அழகாகப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து பந்தியில் அவனுக்கு நானே இரண்டாம் தரம் குழம்பு ஊற்றினேன். நல்லாச் சாப்பிடு தம்பி, தெம்பாப் பாடணும்ல என்றுகூடச் சொன்னேன்.

மேடையேறிப் பார்த்தவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். தூசியா இருந்துச்சு தம்பி, தொடச்சேன் என்று நான் முன்வரிசையிலிருந்து சொன்னேன். எந்தத் துளையில் போய் எந்தத் துளையில் வரும் என்பது அவனுக்குத் தெரியும், எந்தப் பெட்டி முதல் என்பதுதான் தெரியாது. நம்பரைப் பார்த்தான். அவன் பழைய பஸ் ஸ்டாண்டில் கேசட் கடை வைத்திருப்பவன், ஏலக்காயை டீயில்தான் பார்த்திருப்பான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று கோத்தான். சத்தம் வந்தது பார், கொட்டகைக்குள் பத்து லோடு ஜீப்பை ஒன்றாக உறுமவிட்ட மாதிரி, கைக்குழந்தைகள் எல்லாம் வீரிட்டன, போதகர் ஐயா காதைப் பொத்திக்கொண்டார். கழற்றி ஏதோ ஒன்றை மட்டும் மாற்றி மாட்டினான், அது இன்னும் மோசம். என் பக்கத்தில் மூக்கம்மாளும் முனியாயியும் நம் கிட்டங்கிப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், கறிச்சோற்றுக்கு நான்தான் கூப்பிட்டிருந்தேன். அவர்களுக்குச் சீட்டைப் பார்த்த உடனே விஷயம் புரிந்துவிட்டது. மூக்கம்மாள் ஏப்பா என்று வாயைத் திறந்தாள், நான் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன், அதற்குப் பிறகு வரிசை முழுக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். கடைசியில் அவன் என்னிடம் குனிந்து, யக்கா, ஒங்க மக வச்ச வரிசை எது, வெரசாச் சொல்லுங்க என்றான். கையில் மைக் திறந்திருந்தது, அவன் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். நீயே யோசிச்சு நீயே செஞ்சதாச்சே தம்பி, செஞ்ச ஒனக்கே தெரியலையா என்று கேட்டேன். கோயில் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு ஆர்மோனியத்தை மட்டும் வைத்து இரண்டு பாட்டுப் பாடி இறங்கிவிட்டார்கள். நீ பாவம் என்று நினைப்பாய். நினைத்துக்கொள், எனக்கு அன்றைக்குக் கறிச்சோறு அப்படி ருசித்தது.

நேற்றுக் காலையில் அவனே பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அப்பா அவனை உட்காரச் சொல்லிக் காப்பி கேட்டார், கொடுத்தேன், சீனி போடவில்லை. பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியை அவன் கையில் கொடுத்து, நீ எழுதுனத நீயே அழிச்சிட்டுப் போ என்றேன். அரைமணி நேரம் தேய்த்தான். பச்சை போகப் போகக் கீழே உன் பேர் சிவப்பாக ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஆத்தா நான் அழுதேன், அடுப்படிக்குள் போய் அழுதேன், அவன் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது, மதுரையில் புதிதாக நாலு பெட்டிக்குச் சொல்லியிருப்பதாகவும் அந்த வரிசையை மட்டும் சொன்னால் புண்ணியமாகப் போகும் என்றும் கெஞ்சினான். செஞ்சவளக் கேளு என்று உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவன் போன பிறகு, எட்டுதானடி மொத என்றார், நான் முறைத்ததும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். இந்த ஒன்றரை வருஷத்தில் நேற்றுத்தான் அவருக்குக் குழம்பில் உப்புச் சரியாக இருந்திருக்கும்.

பலகையைச் சாக்கில் தைத்து மதுரையிலிருந்து ரயில் பார்சலில் அனுப்புகிறோம், மூன்று ஒயரும் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைச் சுற்றின துணியில் இருக்கும், துணியை உதறி எறிந்துவிடாதே. அந்த ஊர்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, வாசித்து முடித்து வரும்போது கூட வாசிக்கிறவர்களோடு சேர்ந்தே வா, தலைக்கு எண்ணெய் வை. கர்த்தர் உன் விரலையும் உன் பேரையும் காப்பார், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. அவன் உனக்குக் கடிதம் போடுவான், ரொம்பப் பணிவாகப் போடுவான், நீ பதில் எழுத வேண்டாம். மனசு கேட்காமல் எழுதித்தான் தீருவாய் என்றும் எனக்குத் தெரியும், நீ அப்பா பிள்ளை. எழுதினால் ஐந்திலிருந்து எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
கிரேஸ்