நெஞ்சில் ஒரு குத்து

11-3-1974

பயிற்சிக்கு அர்ஜுனன் போகிறான்.

டாக்டர் பூவராகவன் காலையில் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மாரடைப்பு வந்தவர்களை எப்படி அடையாளம் காண்பது, வண்டியில் வைத்தே என்ன செய்வது என்று சென்னையில் மூன்று வாரம் சொல்லித் தருகிறார்களாம். எங்கள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஒரே இடம். "அர்ஜுனன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இங்கிலீஷ்ல நோட்ஸ் எடுப்பான். தப்பா நினைச்சுக்காதே சம்பந்தம்" என்றார். நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆம்புலன்ஸ் வண்டியில் அட்டெண்டராக எனக்குப் பன்னிரண்டு வருஷம். அவனுக்கு எட்டு. கூரம் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில், படியிறங்கும்போது ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டியவனே நான்தான்.

வீட்டில் என் பெண்சாதி கமலவேணி, "நீங்க போவலியா?" என்று கேட்டாள். வெறும் கேள்விதான். ஆனாலும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

6-4-1974

வந்துவிட்டான். முடியைப் புது மாதிரி வெட்டிக்கொண்டிருக்கிறான்.

9-4-1974

அவனுடைய வகுப்பு. டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நான் கடைசியில், கையைக் கட்டிக்கொண்டு.

"வேர்வையைப் பாருங்க" என்றான். "வாயுவுல வலிக்குதுன்னா வயித்தைப் புடிச்சிக்கினு கத்துவான். இருதயம் போறவன் பெரும்பாலும் கத்தமாட்டான். சும்மா உக்காந்திருப்பான். காத்து ஜில்லுனு அடிக்கும், அவனுக்கு மட்டும் நெத்தியில வேர்த்துக்கினு இருக்கும். நெஞ்சுல வலி இருக்கணும்னுகூட இல்ல. தாடை வலிக்கும், இடது கை கனக்கும். பல்லு வலின்னு சொல்லுவான், அஜீரணம்னு சொல்லுவான். நம்பாதீங்க."

பிறகு தரையில் பஞ்சு மூட்டையை வைத்துக்கொண்டு நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டினான். கண்ணெதிரே ஒருவன் விழுந்து நாடி இல்லையென்றால், முதலில் நடு நெஞ்சில் முஷ்டியால் ஒரு குத்து. ஒன்றே ஒன்று. சில சமயம் நின்றுபோன இருதயம் அதிலேயே ஓட ஆரம்பித்துவிடுமாம்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தான். அதுதான் தாங்கவில்லை. மோசமாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

14-4-1974

தலையணையை வைத்து அழுத்திப் பழகினேன். பிள்ளையார்பாளையத்தில் நாலு பக்கமும் தறி ஓடுகிறது, எண்ணிக்கை தவறித் தவறிப் போகிறது. கமலவேணி பார்த்துவிட்டு, "தலவாணி இன்னாங்க பாவம் பண்ணுச்சி?" என்று சிரித்தாள். கோபம் வந்தது. அவனிடமே கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லித் தருவான். கேட்கமாட்டேன்.

3-6-1974

கருட சேவை. விடியற்காலையிலிருந்து சின்ன காஞ்சிபுரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். டிரைவர் அப்பாதுரை, நான், அவன்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். என் கண்ணில்தான் முதலில் பட்டார். நின்று நின்று களைத்துவிட்டார் என்று நினைத்து, தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நிமிஷம் கழித்து அர்ஜுனன் அந்தப் பக்கம் போனான். அவரைப் பார்த்தவன் நின்றான். குனிந்து கையைப் பிடித்தான். உடனே என்னை நோக்கி, "அண்ணா, ஸ்ட்ரெச்சர்! ஒரு அடிகூட நடக்க வெக்கக் கூடாது!" என்று கத்தினான்.

மாரடைப்புதான். அரை மணி தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

என் வேர்வையும் அவர் வேர்வையும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. அவனுக்கு வேறாகத் தெரிந்திருக்கிறது.

5-6-1974

பெரியவரின் மகன் தட்டு நிறையப் பழத்தோடு வந்து அர்ஜுனனைக் கும்பிட்டான். அப்பாதுரை எல்லோரிடமும், "நம்ம அர்ஜுனன் கண்ணு பூதக்கண்ணாடிப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். பழத்தில் எனக்கும் இரண்டு கொடுத்தான். வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டுவிட்டேன்.

மோர் கொடுத்த கதையை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனை வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

28-6-1974

வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம், மில், சங்கம் என்று அவனை வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் அவன் வேலையும் என் தலையில்.

16-7-1974

மாடியிலிருந்து ஒரு நோயாளியை இறக்கினோம். பாதிப் படியில் அர்ஜுனன், "இருண்ணா" என்று நின்றுவிட்டான். கீழே வந்ததும் டீக்கடையில் சோடா வாங்கிக் குடித்தான். தாடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாப்பா?" என்று கேட்டேன்.

"பல்லு வலிண்ணா. கிராம்புத் தைலம் வெக்கணும்."

மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் மேலுதட்டில் வேர்வை.

நான் பார்த்தேன்.

17-7-1974

இன்றும் அப்படித்தான். வண்டிக்குள் இடது கையை உதறி உதறி விட்டுக்கொண்டான். முப்பத்தாறு வயசு. இந்த வயசில் வருமா? வரும் என்று அவனே வகுப்பில் சொல்லியிருக்கிறான்.

டாக்டர் அறை பத்தடி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லி அது பல்வலியாகவே இருந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் — அதனாலா? இல்லை. பொய் எழுதி என்ன பிரயோஜனம்? ஊருக்கெல்லாம் கண்டுபிடித்துச் சொல்கிறவன்தானே, தன்னுடையதையும் அவனே கண்டுபிடிக்கட்டும். ஒரு தடவையாவது அவன் கண்ணு தப்பட்டுமே. அப்படித்தான் நினைச்சேன். சே. இன்னா மனுஷன் நான்?

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும்.

19-7-1974

நேற்று எழுதவில்லை.

நேற்று எட்டு மணிக்குப் போனேன். போர்டிகோவில் அர்ஜுனன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். "அர்ஜுனா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். திரும்பினான். என்னைப் பார்த்தான். வாளி கையிலிருந்து விழுந்தது, அப்புறம் அவன் விழுந்தான்.

கழுத்தில் கை வைத்தேன். நாடி இல்லை. முகம் ஈயம் மாதிரி ஆகிவிட்டது.

முஷ்டியை ஓங்கி அவன் நடு நெஞ்சில் குத்தினேன். எலும்பில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பாதுரை, "டேய், இன்னாடா பண்ற!" என்று அலறினார். கழுத்தில் கை வைத்தேன். ஒன்றும் இல்லை. மண்டியிட்டு இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தேன். எத்தனை தடவை அழுத்தியிருப்பேன், பதினைந்தா, இருபதா? திடீரென்று ஒரு பெரிய மூச்சு இழுத்தான். மறுபடி கழுத்தைத் தொட்டேன். விரலுக்கடியில் துடித்தது.

டாக்டர் ஓடி வந்தார். ஆக்சிஜன், ஊசி எல்லாம் ஆயிற்று. பிழைத்துக்கொள்வான் என்று இன்று மத்தியானம்தான் சொன்னார்.

எல்லோரும் என் முதுகைத் தட்டுகிறார்கள். அந்தக் குத்தில் வைத்தியம் எவ்வளவு, வயிற்றெரிச்சல் எவ்வளவு? அது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே சரியாகத் தெரியவில்லை.

2-8-1974

அவன் பெண்சாதி காந்தா ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் எதிரே என் காலில் விழுந்தாள். "எங்க வூட்டு தெய்வம்ண்ணா நீங்க" என்றாள். ஓடிப்போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மூன்று மாதமாக இதற்குத்தானே ஏங்கினேன்? கிடைத்துவிட்டது. வாயில் வைக்க முடியவில்லை.

14-8-1974

சொல்லிவிட்டேன்.

தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். காந்தா பாத்திரம் கழுவப் போயிருந்தாள். "அர்ஜுனா, எனக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும்பா. உன் தாடை, வேர்வை, எல்லாம் பார்த்தேன். வேணும்னேதான் சொல்லல" என்றேன்.

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தான்.

"எனக்கும் தெரியும்" என்றான்.

"இன்னாது?"

"முத நாள் படியிலயே தெரிஞ்சிடுச்சிண்ணா. டாக்டராண்ட சொன்னா அவ்ளோதான், வண்டியில ஏத்தமாட்டாரு. நீங்க மட்டும் போவீங்க. நாலு பேரு இப்பதான் என்னைத் தேடிக்கினு வராங்க, அதைக் கொண்டும்போயி உங்க கையில குடுக்கறதான்னு இருந்துச்சி. பல்லு வலி, பல்லு வலின்னு எனக்கே சொல்லிக்கினு இருந்தேன்."

அவனுக்கு என்மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது? கேட்டேன். "நீங்க பன்னெண்டு வருஷம்ண்ணா. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு வகுப்புதான்" என்றான்.

கொஞ்சம் கழித்து நெஞ்சைத் தடவிக்கொண்டே, "எலும்பு இன்னும் வலிக்குது. அவ்ளோ பலமா குத்தணும்னு நான் சொல்லித் தரலியே" என்றான்.

"கொஞ்சம் கூடவேதான் குத்திட்டேன்."

சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தால் வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். காந்தா ஓடி வந்து என்னைத் திட்டினாள்.

3-9-1974

அர்ஜுனன் இனி ஸ்ட்ரெச்சர் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வகுப்பும் இப்போதைக்குக் கிடையாது. டெலிபோன் மேஜையில் வேலை போட்டிருக்கிறார்.

21-10-1974

பதினொரு மணிக்கு போன். ஒரு ஜவுளிக்கடையிலிருந்து பேசினார்கள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மூச்சு வாங்குகிறதாம், வலி எதுவும் இல்லையாம், அஜீரணமாக இருக்கும் என்றார்களாம். அர்ஜுனன் போனிலேயே, "உடம்பைத் தொட்டுப் பாருங்க. ஈரமா இருக்குதா? படுக்க வெக்காதீங்க, சாய்ஞ்சாப்ல உக்கார வையிங்க, இதோ வராங்க" என்று சொல்லிக்கொண்டே விலாசத்தைச் சீட்டில் எழுதினான்.

நான் கை நீட்டினேன். சீட்டைக் கொடுத்தான். ஆனால் விரலை எடுக்கவில்லை. அப்பாதுரை வெளியே வண்டியை முடுக்கிவிட்டார். அர்ஜுனன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேல், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் இறுகியிருந்தது.

அந்த முகம் எனக்குத் தெரியாதா? ஏப்ரலிலிருந்து ஜூலை வரை நான் சுமந்துகொண்டு திரிந்த முகம்.

இழுக்காமல் நின்றேன். அவனே விட்டான். "போங்கண்ணா, நேரமாவுது" என்றான்.

அந்த அம்மாளுக்கு மாரடைப்புதான். பிழைத்துவிட்டார். திரும்பி வந்ததும் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. அவன் மேஜைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் கேட்கவில்லை. நானே, வாசல்படியில் கால் வைத்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கப் பிடிக்காதவன் மாதிரி டெலிபோனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினேன். துடைக்கிற கை நின்றது.

"வேர்வை?" என்றான்.