எர்த்து ஒயர்

சனிக்கிழமை, இரவு.

பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் பத்தாயிரம் போர்வெல் மோட்டாருக்கு உயிர் கொடுத்த மாமேதையாகிய நான், இன்று அண்ணன் மகள் ஸ்டெல்லாவின் பேஸ் கிடாரைக் கொன்றுவிட்டேன்.

"கடையில கொடுத்துக்கலாங்க சித்தப்பா" என்றாள். நான்தான் கேட்கவில்லை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற புது பிக்கப், அதை ஏற்றிக் கொடுக்கிற பிரீஆம்ப் எல்லாவற்றையும் நானே மாட்டினேன். ஒலிபெருக்கி ஆம்ப்பில் செருகியதும் நூறு லாரி உறுமுகிற இரைச்சல். கம்பியைத் தொட்டால் இன்னும் கூடியது.

கிடாரின் மூடியைக் கழற்றிப் பார்த்தாள்.

"பிக்கப்புல இருந்த எர்த்து ஒயர் எங்கங்க சித்தப்பா?"

"சும்மா தொங்குச்சும்மா, ஒட்ட நறுக்கிட்டேன். நம்மூர்ல எந்த வூட்டுல எர்த்து மாட்டறாங்க?"

"இது வூடு இல்லீங்களே."

மூடியைத் திரும்ப மாட்டினாள். பழைய பிக்கப்பையும் பிய்த்துத்தான் எடுத்தேன், திரும்ப மாட்ட வழியில்லை. விடிந்தால் அரூர் மாதா கோயில் திருவிழாப் பூசை. அவள் முதன்முதலாக வாசிக்கப் போகிறாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருத்தரிடமும் பேஸ் கிடார் இல்லை.

திட்டியிருந்தால் வத்தல்மலைக்கே ஓடிப் போயிருப்பேன். பக்கத்து அறையில் ஆம்ப் இல்லாமலே நாளைக்கான பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறாள். கம்பியில் விரல் படுகிற சத்தம்தான் வருகிறது. எனக்கு மட்டும் மாவட்டமே அதிர்கிறது.